இரண்டு படத்திலும் இல்லாத சேறு

ராஜ்யம் பிரிகிறது என்றால் முதலில் பிரிவது ஜனங்கள் இல்லை, பீரோக்கள். திருவனந்தபுரத்து சர்வே ஆபீஸில் ஐம்பத்தாறாம் வருஷம் துலா மாதம் பிறந்ததிலிருந்து அந்த அமளிதான். நவம்பர் முதல் தேதியிலிருந்து தெற்குத் தாலுகாக்கள் மெட்ராஸ் ராஜ்யம், மற்றதெல்லாம் கேரளம். ஆகவே தெற்குத் தாலுகாக்களின் நிலப்படங்களை எல்லாம் பீரோவிலிருந்து இறக்கி, தூசி தட்டி, சுருட்டி, துணியுறை போட்டு நாகர்கோவிலுக்கு அனுப்ப வேண்டும். தாத்தா காலத்துத் தூசி. ஆபீஸ் முழுக்க ஒரே தும்மல்.

தும்மலுக்கு நடுவில் நீள மேஜைமேல் குனிந்து நின்றுகொண்டிருந்தார் குற்றாலலிங்கம். படம் வரைகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். பிறந்தது பூதப்பாண்டி, குடியிருப்பது வலியசாலை, எந்த ராஜ்யத்தில் வேலை பார்க்க இஷ்டம் என்று சர்க்கார் கேட்டபோது எழுதிக் கொடுத்தது மெட்ராஸ். மாசக் கடைசியில் படங்களோடு படமாக அவரும் போக வேண்டியவர். மனுஷன் நல்லவர்தான், ஆனால் கோபம் மூக்குக்கு மேலே. ஒரு கோடு தப்பினால் வரைந்தவனை மட்டுமல்ல, அவனுக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரையும் சேர்த்துத் திட்டுவார்.

ஒரு வருஷமாக அவர் கையில் இருந்த வேலை வேறு. மலையில் மழை பெய்தால் ஆற்றில் தண்ணீருக்குப் பதில் மண் இறங்குகிறது என்று இஞ்சினீயர்கள் புலம்பினார்கள். அதன் பேரில், ஆற்றுக்குத் தண்ணீர் தருகிற நிலம் எது, அதில் எங்கே என்ன விளைகிறது என்று ஒரு நில உபயோகப் படம் போடச் சொல்லி உத்தரவு வந்தது. காட்டுக்குப் பச்சை, வயலுக்கு மஞ்சள், ரப்பருக்கு ஊதா, மலைச்சரிவு மரச்சீனி என்கிற மரவள்ளிக்கும் வாழைக்கும் தவிட்டு நிறம். அரிசிப் பஞ்சம் வந்தபோது சரிவுகளை மரச்சீனிக்குத் திறந்துவிட்டதும் சர்க்கார்தான். அப்போது பசிதான் பெரிதாக இருந்தது, ஆற்றை யார் நினைத்தார்கள்? குற்றாலலிங்கம் வர்ணம் தீட்டத் தீட்ட ஒரு விஷயம் தானாகவே தெரிய ஆரம்பித்தது. மேலே பச்சை இருக்கிற ஓடையில் மேட மாசத்துச் சித்திரை வெயிலிலும் தண்ணீர். மேலே தவிடு இருக்கிற ஓடை அதற்கு இரண்டு மாசம் முன்னால் கும்பத்திலேயே கருவாடு. அந்தந்த ஊர்க்காரன் அவனவன் ஓடையைப் பார்த்து விதியே என்று இருந்துவிடுவான். எல்லா ஓடையையும் ஒரே காகிதத்தில் பார்க்கிறவனுக்குத்தான் இது விதி இல்லை என்று தெரியும்.

அன்றைக்கு அவருக்கு ஒரு ஆசை. கிழக்குப் படங்களைக் கட்டி அனுப்புமுன் ஒரே ஒரு தடவை, மேற்கே நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் ஆலம்பாறைப் படத்தையும் கிழக்கே விளவங்கோட்டுத் தாலுகாவின் தேரிக்கோணம் படத்தையும் ஓரம் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு மலைமுகடுதான் எல்லை. இரண்டு படமும் பிறந்த நாள் முதல் வேறு வேறு பீரோவில் கிடந்தவை. முகட்டின் இரண்டு கோடியிலும் நிற்கிற சர்வே கல்லுகளின் அடையாளத்தைப் பொருத்தி மேஜைமேல் வைத்தார். கல்லுகள் பொருந்தின, படங்கள் பொருந்தவில்லை. இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மேஜைப் பலகை தெரிந்தது.

ஆலம்பாறைப் படத்தின் ஓரத்தில் பழைய எழுத்தில் ‘இதற்கப்புறம் தேரிக்கோணம்’ என்று இருந்தது. தேரிக்கோணம் படத்தின் ஓரத்தில் ‘இதற்கப்புறம் ஆலம்பாறை’ என்று இருந்தது. குற்றாலலிங்கம் இரண்டையும் மாறி மாறிப் படித்தார். அடப் பாவிகளா என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த இடத்துக்கு ஈற்றச்சேறு என்று பெயர். முகட்டின் நடுவில் பள்ளமாக ஒரு சதுப்பு. ஈற்றை என்கிற காட்டு மூங்கில் அடர்ந்து நிற்கும், கால் வைத்தால் அட்டை மொய்க்கும். மேற்கேயிருந்து அளவுச் சங்கிலி பிடித்து வந்த பழைய சர்வேக் கோஷ்டி அட்டையைக் கண்டது, இது கிழக்கான் பாடு என்று எழுதிவிட்டு இறங்கிவிட்டது. கிழக்கேயிருந்து வந்த கோஷ்டியும் அதே அட்டையைக் கண்டது, இது மேற்கான் பாடு என்று எழுதிவிட்டு இறங்கிவிட்டது. இந்தப் புத்தி சர்வேக்காரனுக்குத்தான் வரும். சங்கிலி போகாத இடத்துக்கு மசி போகக்கூடாது என்பது இலாகாவின் வேதம். அந்த வேதத்தை வைத்துக்கொண்டே ஒரு சேற்றைப் பூமியிலிருந்து இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

சும்மா கிடக்கிற சேறு என்றால் போகட்டும் என்று விடலாம். மேற்கே ஆற்றுக்கு இறங்குகிற ஓடையும், கிழக்கே தேரிக்கோணத்துக் குளத்துக்கு இறங்குகிற ஓடையும் அந்த ஒரு விரல் இடைவெளிக்குள்தான் பிறந்தன. தேரிக்கோணத்துக் குளம் இரண்டு கோடையாக வற்றிக் கிடக்கிறது. குற்றாலலிங்கத்துக்கு அது நன்றாகவே தெரியும், அந்தக் குளத்தடியில்தான் அவர் மச்சினன் அழகியநம்பிக்கு வயல். மாசக் கடைசியில் ஒரு படம் நாகர்கோவிலுக்குப் போகும், மற்றது இங்கேயே இருக்கும். அப்புறம் எந்தக் காலத்தில் யார் இவற்றை ஒரே மேஜையில் வைக்கப்போகிறார்கள்? படத்தில் இல்லாத நிலத்தைக் காடு என்று காப்பாற்ற முடியாது. யாராவது வெட்டினால் ஏன் என்று கேட்கவும் முடியாது.

சூப்பிரண்டு சாம்பசிவன் ஸ்ரீவராகத்துக்காரர். தலைப்புச் செய்தி மட்டும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிற சுபாவம். அன்றைக்கு முழுசும் கேட்டார்.

“ஏன் ஓய், பந்தல் பிரிக்கற நேரத்திலயா உமக்கு இது கண்ணிலே படணும்? சரி, போய் அளந்துண்டு வாரும். ஆனா நீர் தனியாப் போப்படாது. நீர் அந்தப் பக்கத்து ஆள். இங்கேயே இருக்கப்போற ஆள் ஒருத்தர் கூட வரணும். ரெண்டு படத்திலயும் ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு ரெண்டு சர்க்காரும் சேர்ந்து நம்ம கழுத்தைப் பிடிக்கும்,” என்றார்.

இங்கேயே இருக்கப்போகிற ஆள் யோசுவா. நெய்யாற்றின்கரைக்காரர், சர்வேயர், பேச்சில் பாதி மலையாளம். குற்றாலலிங்கமும் அவரும் வருஷக்கணக்காக ஒரே சங்கிலியின் இரண்டு முனையைப் பிடித்தவர்கள். ஒருவர் கட்டுச்சோற்றை மற்றவர் தின்றுதான் வழக்கம். யோசுவாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கண்ணால் காணாததை வரையமாட்டார். மேலதிகாரி அல்ல, மகாராஜாவே சொன்னாலும் மாட்டார்.

வலியசாலை வீட்டில் மனைவி சிவகாமியம்மாள் புளிச்சோறு கட்டிக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

“அங்க போறீங்கள்லா, தம்பி வயலுக்கு வெள்ளம் வாறதுக்கு ஒரு வழி பண்ணிட்டு வாங்க. ரெண்டு கோடையா அவன் வயல்ல மாடு மேயுது.”

“நான் என்ன வருணபகவானா?”

“படம் போடுகது நீங்கதானே. கோட்டைக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிப் போட்டா கை தேஞ்சா போகும்?”

“ஏட்டி, கோடு என்ன உன் வீட்டுக் கோலமா, இஷ்டத்துக்கு இழுக்கதுக்கு?” என்று அவர் சீறினார். அவள் அசரவில்லை. இலையைக் கட்டி நாரால் முடிச்சுப் போட்டாள். அவர் சீறினாரே தவிர, அந்தப் பேச்சு மனசைவிட்டு இறங்கவில்லை. பஸ்ஸில் வெள்ளறடை வரைக்கும் கூடவே வந்தது.

வெள்ளறடையிலிருந்து நடை. ரப்பர் முடிந்து, மரச்சீனிச் சரிவு முடிந்து, பாறை ஏறி முகட்டுக்கு வந்தபோது இருவரும் நின்றுவிட்டார்கள். ஈற்றச்சேற்றில் பாதியைக் காணோம். மேற்கு ஓரத்தில் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு வாய்க்கால், அதன் வழியாகச் செந்தண்ணீர் இரைந்துகொண்டு கீழே ஓடியது. தண்ணீர் வடிந்த கறுப்பு மண்ணில் வரிசை வரிசையாக ஏத்தவாழை என்கிற நேந்திரன், குலை தள்ளி நின்றது. மிச்சப் பாதியில் ஈற்றை மஞ்சளித்துப்போயிருந்தது. கிழக்கு ஓரத்தில் ஓடை பிறக்க வேண்டிய இடத்தில் சருகு. காலால் கிளறிப் பார்த்தார் குற்றாலலிங்கம். அடியில் ஈரம்கூட இல்லை.

மழை மாசத்தில் இந்தக் கதி என்றால் கோடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தேரிக்கோணத்துக் குளம் வற்றிய ரகசியம் இதுதான். ஆனால் கெட்டது அதோடு நிற்கவில்லை. முகட்டு எல்லைக்கு விதி ஒன்றுதான், தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறதோ நிலம் அந்தப் பக்கத்துத் தாலுகா. இன்றைக்கு உள்ளபடி வரைந்தால் சேறு முழுவதும் மேற்குப் படத்தில் ஏறும். அதுவும் பச்சையாக அல்ல, வாழை நிற்கிறபடியால் தவிடாக. தவிடு என்று ஒரு தடவை படத்தில் ஏறினால் அது சாகுபடி நிலம். அடுத்த வருஷம் மிச்சப் பாதியையும் வடிப்பார்கள். கிழக்கு ஓடைக்குப் படத்தில் ஒரு கோடு போடக்கூட முகாந்திரம் இராது.

சங்கிலி பிடித்து அளந்தார்கள். முழங்கால் வரை சேறு, அட்டை, கடி. மூன்று காலில் நிற்கிற சர்வேப் பலகையில் காகிதத்தை விரித்துப் பென்சிலைக் குற்றாலலிங்கம் எடுத்தார். யோசுவா கடைசிக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு வருவதற்குள் அவர் கை தானாக வேலை செய்தது. சேறு முழுக்கப் பச்சை என்று குறித்தார். நட்ட நடுவில் எல்லைக்கோட்டை இழுத்தார். வாய்க்காலைப் போடவில்லை.

யோசுவா வந்து தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

“அண்ணாச்சி, அந்த வாய்க்காலு எங்கே?”

“அது இப்ப வந்தது வே.”

“எப்ப வந்தாலும் கண்ணுக்கு முன்னாலே ஓடுதல்லோ. வாழையும் நிக்குது. நீங்க காடுன்னு வரையறீங்க.” யோசுவா சத்தம் போடவில்லை. “நீங்க மச்சினனுக்கு வரையறீங்களா, ஆத்துக்கு வரையறீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

குற்றாலலிங்கத்துக்குச் சுருக்கென்று தைத்தது. நாக்கு நுனி வரை ஒரு வசவு வந்தது, அது வெளியே வரவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பாறையில் போய் உட்கார்ந்தார். சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தார், இலையை யோசுவா பக்கம் தள்ளினார். யோசுவா ஒரு பிடி எடுத்துக்கொண்டார்.

மச்சினனுக்காகத்தான் என்பது பொய்யில்லை. ஆற்றுக்காக என்பதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே கோட்டில் வந்து நின்றதுதான் வினை. ஆனால் இதை யோசுவாவிடம் எப்படிச் சொல்வது? தனக்கே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது அவருக்கு. அட்டைக்குப் பயந்து இந்த இடத்தை விட்டவனும் மச்சினனுக்காக இந்த இடத்தை இழுத்தவனும் கடைசியில் ஒரே ஜாதிதான். இரண்டு பேருமே நிலத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் எத்தனை பேரைக் கோடு தப்பியது என்று திட்டியிருக்கிறார். இன்றைக்குத் தன் கையே தப்பிப்போயிற்று.

கை கழுவிவிட்டு வந்து ரப்பரை எடுத்துக் கோட்டை அழித்தார்.

“ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லும்வே. தானா ஓடுகது நீலம். மனுஷன் வெட்டினது சிவப்பு. நம்ம ஆபீஸிலே அந்த வழக்கம் உண்டுல்லா?”

“உண்டு.”

“வெட்டின வாய்க்காலை வச்சு எல்லை போட முடியுமா?”

“முடியாது. வெட்டினதுக்கு முன்னே தண்ணி எங்கே பிரிஞ்சுதோ அதாக்கும் எல்லை.” யோசுவா இரண்டு கரையையும் பார்த்தார். கரை எல்லாம் புல் மூடிக் கிடந்தது. “ஆனா வெட்டினதுன்னு யாரு சொல்லுவா அண்ணாச்சி? வெட்டினவனா வந்து சொல்லுவான்?”

வெட்டினவன் வீடு வாழைக்கு மேலே, பாறைத் தோளில் இருந்தது. மண் சுவர், புல் கூரை. தங்கையன் என்று பெயர். பஞ்சக் காலத்தில் கல்குளத்திலிருந்து மலையேறி வந்தவன். ஆபீஸ்காரர்கள் வருவதைக் கண்டதும் அவன் முகம் கறுத்தது. ஆனாலும் அவன் மனைவி தாசம்மாள் பால் விடாத கட்டன்காப்பியும், அவித்த மரச்சீனியும், காந்தாரி மிளகாய் அரைத்ததும் கொண்டுவந்து வைத்தாள். குழந்தைகள் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தன.

குற்றாலலிங்கம் சுற்றி வளைக்காமல் கேட்டார். “அந்த வாய்க்கால் நீரு வெட்டினதா?”

“அய்யோ இல்ல சாரே. அது ஆதியிலேயே உள்ளதாக்கும். எங்கப்பன் காலத்திலேயே உண்டு.”

“உங்கப்பன் எங்க இந்த மலை ஏறினாரு?” என்றாள் தாசம்மாள். “செத்தது கல்குளத்திலே. வாய்க்காலுக்கு மண் சுமந்தது இந்தத் தலை.”

“நீ வாயை மூடு, மிண்டாத இரு.”

“மிண்டுவேன். வாழை வந்துது, சரி. ஊத்துப் போச்சே? முன்னே எந்தக் கோடையிலும் பாறையடியிலே குடத்தை வச்சா நெறையும். இப்ப கும்பம் பிறந்தா கீழே எஸ்டேட் வரைக்கும் நான் இறங்கி ஏறணும். மழையிலேன்னா முற்றத்து மண்ணு முச்சூடும் வாய்க்காலோட போகுது. அந்த மண்ணு பின்னே எங்கே போகும்? ஆத்துக்குத்தான் போகும்.”

குற்றாலலிங்கம் யோசுவாவைப் பார்த்தார். ஒரு வருஷம் வர்ணம் தீட்டித் தெரிந்துகொண்ட விஷயத்தின் மறு பாதி இது. சேற்றை வடித்தால் கிழக்கு மட்டும் காய்வதில்லை, மேற்கும் சேர்ந்து காய்கிறது. ஈற்றச்சேறு மழையைக் குடித்து வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது மேற்கே போவது தண்ணீர் இல்லை, மழையோடு வந்து மழையோடு நின்றுவிடுகிற வெறும் பாய்ச்சல். யோசுவாவும் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசனையில் இருந்தார்.

தங்கையனுக்கு மனைவிமேல் இருந்த கோபம் ஆபீஸ்காரர்கள்மேல் திரும்பியது.

“சாரே, நான் வெட்டலேன்னா கீழே உள்ள எஸ்டேட் முதலாளி வெட்டும். காரியஸ்தன் வந்து பார்த்தாச்சு. இது கிழக்கும் இல்ல மேற்கும் இல்ல, ஒரு படத்திலும் கிடையாது, எடுக்கிறவனுக்கு உள்ளதுன்னு அவன்தான் எங்கிட்டச் சொன்னான். ஆருக்கும் இல்லாததை அவன் திங்கறதுக்கு முன்னே நான் தின்னா என்ன? எனக்கு இல்லியா பிள்ளைகள்?”

குற்றாலலிங்கம் கையிலிருந்த மரச்சீனித் துண்டைக் கீழே வைத்தார். அவன் சொன்னதில் என்ன தப்பு? வெள்ளையாக விட்டது யார்? இலாகா. வெள்ளையைக் கண்டவன் கையை வைக்கத்தான் செய்வான், இவன் வைத்தான், நாளைக்கு இவனைவிடப் பெரியவன் வைப்பான். திட்டுவதற்கு எப்போதும் ஒரு ஆள் கிடைக்கிற அவருக்கு அன்றைக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

“நான் வெட்டினதுன்னு சொன்னா எனக்கு என்ன கிட்டும்?” என்று கேட்டான் தங்கையன்.

“வாழை போகும்,” என்றார் குற்றாலலிங்கம். “வாய்க்காலை அடைக்கணும், சேறு பழையபடி காடாகும். வேற ஒண்ணும் கிட்டும்னு நான் பொய் சொல்லமாட்டேன்.”

“வீடு?”

யோசுவா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “வீடு சேத்திலே இல்ல, பாறையிலே நிக்குது. கண்ணுக்குத் தெரியுது. வரையலாம்,” என்றார்.

“வரைஞ்சா?”

“பட்டா ஆகாது. ஆனா இங்கே ஒரு குடும்பம் உண்டுன்னு ஆகும். ஆளில்லாத இடம்னு இனி ஒருத்தனும் எழுத முடியாது.”

தங்கையன் திரும்பி வாழையைப் பார்த்தான். குலைகளுக்கு இன்னும் பருவம் வரவில்லை. ஓணச் சந்தைக்கு வெட்டியிருக்க வேண்டியவை, கன்று வைக்கப் பிந்தியதால் இன்னும் மரத்திலேயே நிற்கின்றன. கடைசியில் அவன், “நான்தான் வெட்டினேன்,” என்றான்.

“வாயாலே சொன்னது போதாது, தங்கையா,” என்றார் யோசுவா. குற்றாலலிங்கம் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். “நாளைக்கு நீ மாத்திச் சொல்லுவே. எஸ்டேட்காரன் மாத்திச் சொல்ல வைப்பான். அடைச்சா வெள்ளம் கிழக்கே இறங்குதான்னு கண்ணு காணணும். கண்டா வரைவேன். காணலேன்னா, வாழை நிக்குதுன்னுதான் வரைவேன்.”

இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று குற்றாலலிங்கத்துக்கு ஆத்திரம் வந்தது. தங்கையனுக்கும் வந்திருக்க வேண்டும். அவன் யோசுவாவை ஒரு முறை முறைத்துவிட்டு, கூரையில் செருகியிருந்த மண்வெட்டியை உருவிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினான்.

வெட்டுவதற்கு ஒரு கோடை முழுக்க ஆகியிருக்கும், அடைப்பதற்கு ஒரு மத்தியானம்தான் ஆயிற்று. ஈற்றையை வெட்டிக் குறுக்கே அடுக்கி, கல் போட்டு, மண் அள்ளிப் போட்டு மிதித்தான். குற்றாலலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் சுமந்தார். கொஞ்ச நேரம் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற யோசுவாவும் அதைச் சாய்த்து வைத்துவிட்டு வாய்க்காலில் இறங்கினார். சாயங்காலம் துலாமழை வழக்கம்போல இடியோடு வந்து, வழக்கத்துக்கு மேல் பெய்தது. ஆபீஸ்காரர்கள் இருவரும் தங்கையன் வீட்டிலேயே படுத்தார்கள்.

விடிந்து பார்த்தால் சேறு நிறைந்து கிடந்தது. வாழைகளுக்கு முழங்கால் தண்ணீர், சில வேரோடு சாய்ந்திருந்தன. குற்றாலலிங்கம் அதைப் பாராமல் கிழக்கு ஓரத்துக்கு ஓடினார். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் சருகு அசைந்தது. ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர், சருகுக்கு அடியில் புகுந்து, நின்று, வழி பார்த்து, ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு தேரிக்கோணம் பக்கமாக இறங்கியது. அவர் அதன் கூடவே பாதித் தூரம் இறங்கிப்போனார். கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

திரும்பி ஏறி வந்தபோது தாசம்மாள் தண்ணீருக்குள் நின்று பிஞ்சுக் குலைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு குலையைத் தலையில் தூக்கிக் கரையேறிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் ஓடை பிறந்தது, இந்தப் பக்கம் ஒரு வீட்டுச் சோறு போயிற்று. இரண்டையும் செய்தது ஒரே கைதான். அவர் தண்ணீரில் இறங்கி, அவள் வெட்டிய குலையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

யோசுவா கிழக்கே ஒரு தடவை, மேற்கே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடைப்புக்கு மேலாக மேற்கிலும் தண்ணீர் தெளிவாகக் கசிந்து இறங்கியது. செம்மண் இல்லை. தண்ணீர் பிரிகிற இடத்தைக் கொடி நட்டு அளந்தார், அது சேற்றின் நடுவில்தான் போயிற்று. இரண்டு படங்களுக்கும் கொண்டுவந்திருந்த இரண்டு காகிதங்களையும் வீட்டு முற்றத்தில் பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். வாய்க்காலைச் சிவப்பில் போட்டு, அடைத்த இடத்தில் அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பாறைத் தோளில் கறுப்பாக ஒரு சின்னச் சதுரம் போட்டார், அது வீடு. அப்புறம் வர்ணப் பெட்டியைத் திறந்து, தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, குற்றாலலிங்கத்திடம் நீட்டினார்.

“இனி நீங்க அடியுங்க அண்ணாச்சி. கண்ணு கண்டாச்சு.”

குற்றாலலிங்கம் கிழக்குக் காகிதத்தை முதலில் முடித்தார். மேற்குக் காகிதத்தில் வாழை நின்ற இடத்துக்கு வந்ததும் தூரிகை நின்றது. உடம்பெல்லாம் சேறாக வந்த தங்கையன் பலகைக்கு அருகில் நின்று குனிந்து பார்த்தான்.

“இதிலே பச்சை அடிச்சா, இனி நான் இங்கே மண்வெட்டி வச்சா நான் கள்ளன், இல்லியா சாரே?”

குற்றாலலிங்கம் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். “ஆமா,” என்றார்.

“எஸ்டேட் முதலாளி வச்சாலோ?”

“அவரும் கள்ளன்தான்.”

“சர்க்கார் வச்சாலோ? இந்தப் பக்கத்துச் சர்க்காரு, அந்தப் பக்கத்துச் சர்க்காரு?”

இதற்கு யோசுவாதான் பதில் சொன்னார். “ரெண்டு படத்திலும் ஒரே பச்சை. ரெண்டிலும் ரெண்டு பேரு கையெழுத்து. ஆரு வச்சாலும் கள்ளன்.”

தங்கையன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான்.

“அப்போ நல்லா கட்டியா அடியுங்க சாரே,” என்றான்.